புளியடிவட்டைக் கோடு நடுங்கிய புதன்கிழமை

அந்த ஒக்டோபர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை முஸ்பிறா அலுவலகத்துக்கு வந்து கணினியைத் திறந்தபோது, ஆறு வருடமாகத் தினமும் பார்த்துப் பழகிய திரை அங்கே இருக்கவில்லை.

அவள் கல்முனையில் ஒரு தனியார் மருத்துவ நிறுவனத்தின் வலையமைப்புக்குப் பொறுப்பாக இருந்தாள். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும், உள்ளே வயற்பக்கமுமாக நிறுவனத்துக்குப் பதினொரு சிறிய சிகிச்சை நிலையங்கள். எல்லா இடத்திலும் டொக்டர் கிடையாது. கல்முனையில் இருக்கும் டொக்டர் திரையில் தோன்றி நோயாளியோடு கதைப்பார். பக்கத்தில் நிற்கும் தாதி பிரஷர் பார்த்துச் சொல்வாள். பரிசோதனை முடிவுகள் கம்பி வழியாகவோ காற்று வழியாகவோ வந்து சேரும். அந்த இணைப்புகள் அறுந்துபோகாமல் பார்ப்பதுதான் முஸ்பிறாவின் வேலை. அதற்கு அவளிடம் இருந்த ஆயுதம், போர்டல் என்று எல்லோரும் சொல்லும் ஓர் இணையப் பக்கம். பதினொரு வரிகள் கொண்ட அட்டவணை அது. வேலை செய்கிற இடம் பச்சை, விழுந்த இடம் சிவப்பு. சிவப்பு வந்தால் போன் எடுத்து, "கரண்ட் போயிட்டா? பெட்டியில லைட் எரியுதா?" என்று கேட்க வேண்டும். அதற்கு மேல் அந்த அட்டவணைக்கு எதுவும் தெரியாது.

இப்போது அந்த அட்டவணை இருந்த இடத்தில் ஒரு வரைபடம் விரிந்து கிடந்தது. ஒரு பக்கம் கடல். மறுபக்கம் வயல்களும் குளங்களும். நடுவே கரையை ஒட்டிப் பதினொரு புள்ளிகள், அவற்றைக் கல்முனையோடு சேர்க்கும் மெல்லிய கோடுகள், கோடுகளுக்குள் ஓடும் வெளிச்சம்.

"சப்ரி சேர், இஞ்ச ஒருக்கா வந்து பாருங்களன்."

சப்ரி அவளுடைய மேலதிகாரி. ஐம்பது வயதுக்காரர். எந்தப் புதிய விடயத்தையும் முதலில் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

"புது அப்டேட்டா? போன முறை வந்த அப்டேட்டில எல்லார்ர பாஸ்வேர்டும் மாறினது மட்டும்தான் நடந்த," என்றார், தேநீர்க் கோப்பையோடு வந்து நின்று. ஆனாலும் கொஞ்ச நேரம் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "வடிவாத்தான் இரிக்கி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு முழுக்க முஸ்பிறா புதிய வசதிகளைப் பற்றிய குறிப்புகளை வாசித்தாள். முன்பு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பதியப்பட்ட விபரங்கள் இனி ஒவ்வொரு விநாடியும் பதியப்படும். ஒரு வழி பழுதானால் அடுத்த வழியைப் போர்டல் தானாகவே தேடும். திரையின் அடியில் ஒரு சின்னக் குமிழ் இருந்தது. அதைப் பின்னால் இழுத்தால் போன நாட்கள் எல்லாம் மறுபடியும் ஓடும்.

அந்த வெள்ளிக்கிழமை மாலையில் அவள் குமிழைக் காலை எட்டு மணிக்கு இழுத்துவிட்டு ஓட விட்டாள். நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திறக்க, வரைபடத்தில் வெளிச்சம் ஒவ்வொன்றாக ஏறியது. பதினொரு மணிக்குக் கோடுகள் எல்லாம் பொலிந்து கிடந்தன. பன்னிரண்டேகால் ஆனதும் மருதமுனை மங்கியது. அடுத்ததாக சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை என்று ஓர் ஊருக்குப் பின் ஓர் ஊராக வெளிச்சம் இறங்கிக்கொண்டே போனது. பாண்டிருப்பும் காரைதீவும் புளியடிவட்டையும் மட்டும் எரிந்துகொண்டிருந்தன. முஸ்பிறா பதறிப்போய் நேரத்தைப் பார்த்தாள். பிறகுதான் விளங்கியது. ஜும்ஆத் தொழுகை நேரம். அணையாமல் நின்ற மூன்றும் தமிழ் ஊர்கள். ஒன்றேகாலுக்கு எல்லாம் மறுபடியும் ஏறியது.

அவள் பிறந்து வளர்ந்த கரை அது. வெள்ளிக்கிழமை பகலில் கடைகள் பூட்டுவதையும் தெருக்கள் வெறிச்சோடுவதையும் முப்பத்து நான்கு வருடமாகப் பார்த்திருக்கிறாள். ஆனால் கரை முழுவதும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்து வெளியே விடுவதை அன்றைக்குத்தான் கண்டாள். வீட்டுக்குப் போனதும் கணவன் ஜெஸீமிடம் அதைச் சொல்ல முயன்றாள். அவன் பாடசாலை ஆசிரியன், பொறுமையாகக் கேட்டான். "படம் எடுத்து வந்திருக்கலாமே," என்றான். படத்தில் அது வராது என்று அவளுக்குத் தெரிந்தது.

நவம்பர் முதல் வாரத்தில்தான் புளியடிவட்டைக் கோடு அவள் கண்ணில் பட்டது.

புளியடிவட்டை கல்முனைக்கு மேற்கே, வயல்களுக்கு அப்பால் உள்ள ஒரு விவசாயக் கிராமம். அங்கே கம்பி போகவில்லை. கல்முனை அலுவலகத்து மொட்டைமாடியில் ஒரு வட்ட அன்டெனா, புளியடிவட்டை நிலையத்துக் கூரையில் இன்னொன்று. இரண்டும் ஆறு கிலோமீற்றர் வயலுக்கு மேலால் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். அந்த இணைப்பின் சிக்னல் அளவைப் புதிய போர்டல் ஒரு கோடாக வரைந்தது. ஒக்டோபர் முடியும் வரைக்கும் அந்தக் கோடு அடிமட்டம் வைத்துக் கீறியது போல நேராக இருந்தது. நவம்பர் மூன்றாம் திகதி காலையிலிருந்து அது நடுங்கியது. இறங்கி ஏறி, இறங்கி ஏறி, கொதிக்கிற பால் போல.

அன்டெனா கழன்றிருக்கும் என்று நினைத்து டெக்னீசியன் ஹாதிக்கை அனுப்பினாள். அவன் ஏறிப் பார்த்து எல்லாவற்றையும் இறுக்கிவிட்டு வந்தான். கோடு நடுங்குவது நிற்கவில்லை. பத்தாம் திகதி அது தானாகவே நேரானது. பதினான்காம் திகதி மறுபடியும் தொடங்கியது.

அவள் புளியடிவட்டைத் தாதி தர்சினிக்குப் போன் எடுத்தாள்.

"அங்க காத்து ஏதும் கூடவா அடிக்குது?"

"இல்லையே மிஸ். இலை அசையல்ல. ஏன், லைன்ல பிழையா?"

"பிழையில்ல. சில நாளையில மட்டும் கோடு ஒரு மாதிரி ஆடுது. மூணாந் திகதி தொடங்கி பத்தாந் திகதி நிண்டுட்டு. இப்ப பதினாலுல திரும்பவும்."

போனின் மறுபக்கம் ஓர் ஆணின் குரல் ஏதோ சொன்னது. தர்சினி சிரித்தாள். "மிஸ், இது கேதீஸ்வரன் அண்ணன். அவர் என்னவோ சொல்றார், கேளுங்க."

கேதீஸ்வரன் நிலையத்துக் காவலாளி. காவல் இல்லாத நேரம் தன் மூன்று ஏக்கர் வயலில் நிற்பவர்.

"மிஸ், நீங்க சொன்ன நாளெல்லாம் வட்டைக்கு, இந்த வயலுக்கெல்லாம், தண்ணி விட்ட நாள். மூணாந் திகதி வாய்க்கால் திறந்த. பத்துல பூட்டின. பதினாலுல திரும்ப விட்ட. எனக்கு நல்லா ஞாபகம்."

முஸ்பிறா போனை வைத்தாள். தண்ணீருக்கும் காற்றில் போகிற சிக்னலுக்கும் என்ன உறவு? அன்றும் அடுத்த நாளும் தேடித் தேடி வாசித்தாள். விடை எளிமையாகத்தான் இருந்தது. அன்டெனாவிலிருந்து புறப்படும் அலை கொஞ்சம் விரிந்துதான் போகும். ஒரு பகுதி நேராகப் போய்ச் சேரும். இன்னொரு பகுதி நடுவழியில் நிலத்தில் பட்டுத் தெறிக்கும். உழுத மண்ணில் பட்டால் சிதறிப்போய்விடும். அசையாத தண்ணீரில் பட்டால் கண்ணாடியில் பட்டது போலத் திரும்பி வந்து, நேரே வந்த அலையோடு கலக்கும். சில நேரம் அதற்குத் தோள் கொடுக்கும், சில நேரம் அதைக் கவிழ்க்கும். அந்த இழுபறிதான் நடுக்கம்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு கணக்கு எடுத்த பழைய போர்டலில் இந்த நடுக்கம் சராசரிக்குள் அமிழ்ந்து போயிருக்கிறது. ஆறு வருடமாக ஒவ்வொரு பெரும்போகப் பயிர்க்காலத்திலும் அந்தக் கோடு இதையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. கேட்க ஆளில்லை.

"சுப்ஹானல்லாஹ்," என்றாள் தன்னையறியாமல். அடுத்த மேசையில் இருந்த சப்ரி தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

டிசம்பரில் நெல் வளர்ந்தது. இலைகள் தண்ணீரை மூடின. மூடிய அளவுக்குக் கோடும் அமைதியானது. மாத நடுப்பகுதியில் அது மறுபடியும் அடிமட்டக் கோடாகிவிட்டது. கேதீஸ்வரனிடம் சொன்னபோது அவர், "அப்ப வெள்ளாமை வரம்புக்கு மேல வந்துட்டு எண்டு உங்கட மெசினுக்கும் தெரிஞ்சிட்டு," என்றார். காலையில் வந்ததும் முதலில் அந்தக் கோட்டைப் பார்ப்பது முஸ்பிறாவுக்குப் பழக்கமாகிப்போனது. அதனால் ஒரு பயனும் இருப்பதாக அவள் நினைக்கவில்லை. ஆறு கிலோமீற்றர் தூரத்தில் பயிர் வளர்வதை ஒரு கோட்டில் பார்க்க முடிகிறதே என்ற ஆச்சரியம் மட்டும் ஒவ்வொரு காலையும் புதிதாக வந்தது.

ஜனவரி முதல் வாரத்தில் மழை கொட்டியது. நான்கு நாள் ஓயாமல் பெய்துவிட்டுச் செவ்வாய் இரவோடு வெளித்தது. புதன்கிழமை காலை கல்முனையில் நல்ல வெயில். சந்தையில் மீன் வியாபாரம் தொடங்கிவிட்டது. எல்லோரும் மழை முடிந்த நிம்மதியில் இருந்தார்கள்.

பத்து மணி இருபது நிமிடத்துக்குப் புளியடிவட்டைக் கோடு நடுங்கத் தொடங்கியது.

முஸ்பிறா முதலில் நம்பவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தாள். நவம்பரில் பார்த்த அதே நடுக்கம். அதைவிடக் கூடுதல். குமிழைப் பின்னால் இழுத்து நவம்பர் மூன்றாம் திகதியின் கோட்டை எடுத்து இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாள். அன்றைக்கு நடுக்கம் முழு அளவுக்கு ஏற அரை நாள் எடுத்திருந்தது. இன்றைக்குப் பத்து நிமிடம்.

"சப்ரி சேர், வட்டை நடுவில தண்ணி நிக்கிது."

"மழை பெஞ்சா தண்ணி நிக்கும்தானே?"

"நெல்லுக்கு மேலால நிக்கிது சேர். இடுப்பளவு பயிர் இரிக்கி அங்க. அது மூடிக் கிடக்கிற வரைக்கும் கோடு ஆடாது. நாலு நாள் மழைக்கும் ஆடல்ல. இப்ப ஆடுது எண்டா பயிர் தண்ணிக்குள்ள தாண்டுட்டு."

சப்ரி எழுந்து வந்தார். திரையை உற்றுப் பார்த்தார். யன்னலுக்கு வெளியே வெயிலையும் பார்த்தார். "அன்டெனாவில பிழையா இருந்தா? நாம சொல்லி ஊரக் கிளப்பிட்டு, ஒண்டுமில்லாமப் போனா?"

அந்தக் கேள்வி முஸ்பிறாவின் மனதிலும் இருந்தது. புதன்கிழமை புளியடிவட்டையில் கர்ப்பிணித் தாய்மாருக்கான கிளினிக் நாள். இருபதுக்கு மேற்பட்ட பெண்கள் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கோடு ஆடுகிறது என்பதற்காக அவர்களை எழுப்பி வெயிலில் நடக்கச் சொல்வதா? ஆனால் கண்முன்னால் அலை பெரிதாகிக்கொண்டே போனது. போனை எடுத்தாள்.

"தர்சினி, அங்க தண்ணி ஏதும் வருதா?"

"இல்லையே மிஸ். இஞ்ச நல்ல வெயில். றோட்டும் காஞ்சு கிடக்கு. இருபத்து மூணு தாய்மார் வந்திருக்காங்க, டொக்டர் நபீலாவ லைனுக்கு எடுக்கப் போறன்."

"கேதீஸ்வரன் அண்ணன் நிக்கிறாரா? அவர்ட்ட போனக் குடுங்க, சுறுக்கா."

அவர் வந்ததும் அவள் சொன்னாள். "அண்ணன், கோடு ஆடுது. நவம்பர் மாதிரி."

"இப்ப ஆருமே தண்ணி விடல்லையே மிஸ்."

"அதான் எனக்குப் பயமா இரிக்கி. உயரத்தில ஏறி நடுவட்டைப் பக்கம் ஒருக்காப் பாப்பீங்களா?"

நிலையத்தின் பின்பக்கம் தண்ணீர்த் தாங்கி நிற்கும் கொங்கிறீற் மேடை மூன்றாள் உயரம். கேதீஸ்வரன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினார். கல்முனையில் முஸ்பிறாவுக்கு அவருடைய மூச்சும், இரும்புப் படியில் கால் படும் சத்தமும் கேட்டன. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"அண்ணன்? என்ன தெரியுது?"

"பச்சையக் காணல்ல தங்கச்சி." அதுவரை மிஸ் என்றே அழைத்தவரின் குரல் மாறிப்போயிருந்தது. "நடுவட்டையில பச்சையே இல்ல. வானம் கீழ இறங்கிக் கிடக்கிற மாதிரிக் கிடக்கு. மேக்கால ஆத்துக்கட்டு உடைச்சிட்டுப் போல. இஞ்சாலதான் வருகுது."

"எவ்வளவு நேரம் இரிக்கி?"

"ஒரு மணித்தியாலம். கூடினா ஒண்டரை."

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் வேகமாக நடந்தன. கேதீஸ்வரன் இறங்கி ஓடிப்போய்க் கோயில் ஒலிபெருக்கியைத் திறந்தார். ஊரில் இருந்த உழவு மெசின்கள் இழுவைப் பெட்டிகளோடு நிலையத்து வாசலுக்கு வந்தன. வடக்கே அரை மைல் தூரத்தில் மேட்டில் நின்ற பாடசாலைக்குத் தாய்மாரை முதலில் ஏற்றினார்கள். அடுத்தது பள்ளத்து வீடுகளில் இருந்த கிழடுகளும் குழந்தைகளும். கல்முனையில் சப்ரி, சற்று முன் வரை சந்தேகப்பட்ட அதே சப்ரி, இரண்டு போன்களைக் காதில் வைத்துக்கொண்டு அனர்த்தப் பிரிவுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் மாறி மாறிக் கதைத்துக்கொண்டிருந்தார்.

"மிஸ், நான் என்னத்த எடுக்கிற?" என்று தர்சினி கேட்டாள்.

"தடுப்பூசிப் பெட்டி, தாய்மார்ர அட்டையெல்லாம். மறுகா, மேசைக்குக் கீழ ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இரிக்கில்லயா, அந்த ரவுட்டர். வயரெல்லாம் புடுங்கிட்டு, பெட்டியயும் கரண்ட் வயரயும் மட்டும் எடுங்க."

"அதக் கொண்டுபோய் என்ன செய்யிற? அன்டெனா இஞ்சதானே இருக்கு."

"கொண்டு போங்க. நான் சொல்றன்."

அவளுக்கே நிச்சயமில்லை. முன்பெல்லாம் ஒரு நிலையத்தை இடம் மாற்றுவதென்றால் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து ஒரு நாள் முழுக்க வேலை செய்ய வேண்டும். ஒக்டோபர் மாதக் குறிப்புகளில் ஒரு பந்தி, அந்தப் பெட்டியை எங்கே கொண்டுபோய்ச் செருகினாலும், தான் யார் என்று போர்டலிடம் கேட்டறிந்து அதே நிலையமாக எழும் என்று சொன்னது. அதற்குள் இரண்டு சிம் அட்டைகளை அப்போதே போட்டு வைத்திருந்தாள். பரீட்சித்துப் பார்த்ததில்லை.

பன்னிரண்டு மணி ஐந்து நிமிடத்துக்குத் தண்ணீர் நிலையத்துக்குள் வந்தது. அன்டெனாவின் கரண்ட் அறுந்து, திரையில் கோடு ஒரேயடியாக விழுந்தது. புளியடிவட்டைப் புள்ளி சிவந்தது.

நாற்பது நிமிடம் அது அப்படியே கிடந்தது. தர்சினியின் போன் சத்தமில்லை. முஸ்பிறா நாற்காலியை விட்டு எழும்பவில்லை. சப்ரி பக்கத்தில் வந்து நின்றார். டொக்டர் நபீலா மாடியிலிருந்து இறங்கி வந்து நின்றார்.

சிவப்புப் புள்ளி திடீரென்று மறைந்தது. எங்கே போனதென்று தேடுவதற்குள், அதற்குச் சற்று வடக்கே, பாடசாலை இருக்கும் மேட்டில், மெல்லிய ஒரு பச்சைப் புள்ளி தோன்றியது. பக்கத்தில் புளியடிவட்டை என்ற பெயரும் எழுந்தது. பழைய கோட்டை விட்டுவிட்டு, இரண்டு மெல்லிய கோடுகள் அதிலிருந்து புறப்பட்டன. ஒன்று நேரே கிழக்காக வந்தது. மற்றது தெற்கால் அட்டாளைச்சேனைப் பக்கம் போய்ச் சுற்றி வந்தது. இரண்டும் கல்முனையில் சேர்ந்தன.

"யா அல்லாஹ்," என்றார் சப்ரி. "இத ஆரு செஞ்ச?"

"ஒருத்தரும் செய்யல்ல சேர். அதுவே வழி தேடிட்டு."

உழவு மெசினின் பற்றரியில் வயரைக் கொளுவி ரவுட்டருக்கு உயிர் கொடுத்தவர் கேதீஸ்வரன் என்று பிறகு தெரியவந்தது. அந்த நேரம் அதையெல்லாம் விசாரிக்க அவகாசமிருக்கவில்லை. திரையில் தர்சினியின் முகம் வந்தது, உடைந்த கட்டங்களாக. குரல் அறுந்தறுந்து வந்தது. முஸ்பிறா புதிய வசதிகளில் இன்னொன்றைத் திறந்தாள். ஒரே பேச்சையும் படத்தையும் இரண்டு வழியாலும் அனுப்பி, எது முதலில் வந்து சேர்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும் வசதி அது. ஒரு வழியில் தொலைந்த சொல் மறுவழியில் வந்து சேர்ந்தது. கட்டங்கள் கூடி முகம் முழுதானது. தர்சினியின் தலைமயிரில் ஒட்டியிருந்த வைக்கோல் துரும்பு வரைக்கும் தெரிந்தது.

"டொக்டர், சுகிர்தா எண்டு ஒரு தாய். எட்டு மாதம். தலையிடி, கண்ணுக்குள்ள மின்னுது எண்டு சொல்றா. பிரஷர் நூற்றி எழுபது, நூற்றிப் பத்து."

டொக்டர் நபீலா கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "மகள், என்னப் பாருங்க. பயப்பட வேணாம். கால் வீக்கம் எப்ப தொடங்கின?" அடுத்த பதினைந்து நிமிடம் அவர் அந்தப் பாடசாலை வகுப்பறையிலேயே இருப்பவர் போல இருந்தார். கேள்விகள் கேட்டார், கையைத் தூக்கச் சொன்னார், தர்சினியிடம் இருந்த மருந்துகளில் எதை எவ்வளவு கொடுப்பதென்று சொன்னார். பிறகு முஸ்பிறாவின் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில், "இவவ இண்டைக்கே ஆஸ்பத்திரிக்கு எடுக்கணும். இனிப் பிந்த ஏலா," என்றார்.

வெள்ளச் செய்தி கேட்டுச் சாய்ந்தமருது மீனவர்கள் ஏற்கனவே தங்கள் பைபர் தோணிகளை லொறிகளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டிருந்தார்கள். மூன்று மணிக்கு முதல் தோணி, கடலையே ஓட்டிப் பழகிய இருவரோடு, வயல்களுக்கு மேலால் பாடசாலையை அடைந்தது. சுகிர்தாவையும் அவளுடைய தாயையும் அதில்தான் ஏற்றினார்கள். அன்றைக்குப் பின்னேரமே அறுவைச் சிகிச்சை நடந்தது. பெண் குழந்தை. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இருவரும் தப்பினார்கள்.

புளியடிவட்டையில் எழுபது வீடுகளுக்குள் தண்ணீர் போனது. நிலையத்துக்குள் நெஞ்சளவு நின்றது. ஒருவருடைய உயிரும் போகவில்லை. மாடுகள் போயின, கோழிகள் போயின, கதிர் கட்டியிருந்த பயிர் நானூறு ஏக்கருக்கு மேல் அழிந்தது. கேதீஸ்வரனின் மூன்று ஏக்கரில் மணல் மூடிவிட்டது. அந்தக் கதையை அவர் யாரிடமும் பெரிதாகச் சொல்லவில்லை. தர்சினிதான் போனில் சொன்னாள்.

தண்ணீர் வடிந்து பத்து நாளான பிறகு முஸ்பிறா ஹாதிக்கோடு புளியடிவட்டைக்குப் போனாள். சாய்ந்துபோன அன்டெனாவை நிமிர்த்த வேண்டியிருந்தது. ஆறு வருடமாக அந்த நிலையத்தைக் கவனித்தவள், அன்றைக்குத்தான் அதை நேரில் பார்த்தாள். சுவரில் சேற்று அடையாளம் ஒரு பட்டி போல ஓடியது. தர்சினி ஓடி வந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இருவரும் அதுவரை ஒருவரையொருவர் திரையில் மட்டுமே பார்த்தவர்கள்.

ஹாதிக் கூரையில் வேலை செய்யும்போது கேதீஸ்வரன் அவளை வயல் பக்கம் அழைத்துப் போனார். மெலிந்த, கறுத்த மனிதர். அவள் கற்பனை செய்ததைவிட வயது குறைவு. வரம்பில் வட்டவிதானையும் இன்னும் நான்கைந்து விவசாயிகளும் வாய்க்காலைத் துப்புரவாக்கிக்கொண்டு நின்றார்கள். வட்டவிதானை என்றால் அந்த வயல்களுக்கெல்லாம் தண்ணீர் பங்கிடும் பொறுப்பாளர்.

"இவதான்," என்றார் கேதீஸ்வரன். அவர்கள் மண்வெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு வந்தார்கள்.

அவள் போனில் போர்டலைத் திறந்து, புதன்கிழமைக் கோட்டைக் காட்டினாள். பத்து மணி இருபது நிமிடம் வரை நேராகக் கிடந்து, பிறகு துடிக்கத் தொடங்குகிற கோடு. போன் கைமாறிக் கைமாறிப் போனது. ஒருவர் விரலால் அந்தத் துடிப்பைத் தடவிப் பார்த்தார். கோட்டை மட்டும் பார்க்கக்கூடிய ஒரு வழியை வட்டவிதானையின் போனில் அமைத்துத் தரலாம் என்று முஸ்பிறா சொன்னாள். சப்ரி அதற்கு ஏற்கனவே அனுமதி கொடுத்திருந்தார். காற்றிலும் இடியிலும் சில நேரம் வீணாக ஆடும் என்பதையும், அதையே நம்பியிருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

"தங்கச்சி, அது எந்தப் பக்கத்தால போகுது?" என்று கேட்டார் கேதீஸ்வரன்.

அவள் நிலையத்துக் கூரையைக் காட்டினாள். அங்கிருந்து கையை மெல்ல நகர்த்தி, வயல்களுக்கு மேலால், அவர்கள் நின்ற வரம்புக்கு நேர் மேலால், கிழக்கே கல்முனையின் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினாள். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். முஸ்பிறாவும் பார்த்தாள். வெறும் நீல வானம். கடற்காற்று. சேற்றில் மீன் தேடி வந்த நாலைந்து கொக்குகள் அந்த வழிக்குக் குறுக்கே பறந்தன. அந்த வெறுமைக்குள்ளால் இன்னும் சில நிமிடங்களில் யாரோ ஒருத்தியின் இரத்தப் பரிசோதனை, யாரோ ஒரு டொக்டரின் குரல், எல்லாம் போகப்போகின்றன.

"இப்ப நாம இதில நிக்கிறதும் அதுக்குத் தெரியுமா?" என்று ஒருவர் கேட்டார்.

"தெரியாது. நம்மள அதுக்குத் தெரியாது. தண்ணியத்தான் தெரியும்."

கேதீஸ்வரன் இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். "அது காணும், எங்களுக்கு அது போதும்," என்றார்.

கூரையிலிருந்து ஹாதிக் கையைக் காட்டிக் கூப்பிட்டான். இணைப்பு வந்துவிட்டது. விவசாயிகள் மண்வெட்டிகளை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கினார்கள்.